எர்ல் மெக்பெர்சன்: கைவிடப்பட்ட காரிலிருந்து பிழைத்து வந்த ஸ்ட்ரட்!

பூந்தமல்லியிலிருந்து ஆவடி பக்கம் திரும்பி, சென்னீர்குப்பத்தைத் தாண்டும் ஒரு காரைக் கவனியுங்கள். மழை அரித்த பள்ளம், அடுத்து ஸ்பீடு பிரேக்கர், அதற்கடுத்து தோண்டி மூடிய மேடு. முன்சக்கரம் இறங்கி ஏறுகிறது. உள்ளே இருப்பவரின் கையிலுள்ள காபி பெரிதாகச் சிந்தவில்லை. அந்தச் சக்கரத்துக்கு மேலே, பானெட்டுக்கு அடியில், நின்ற வாக்கில் ஒரு தூண் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். மெக்கானிக்குகள் அதை ஸ்ட்ரட் என்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடை பில்லில் சில நேரம் முழுப்பெயரும் வரும்: மெக்பெர்சன் ஸ்ட்ரட்.

மெக்பெர்சன் என்பது கம்பெனி பெயரோ, பிராண்டோ இல்லை. எர்ல் ஸ்டீல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றும் பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்பது அவருடைய யோசனைதான். ஆனால் எந்தக் காருக்காக அவர் அதை யோசித்தாரோ, அந்தக் கார் கடைக்கே வரவில்லை. அவர் யார், அந்தத் தூணுக்குள் என்ன இருக்கிறது, அதைக் கழற்றி மாட்டும்போது ஏன் இத்தனை கவனம் வேண்டும் என்று பார்க்கலாம்.

விமான இன்ஜினிலிருந்து காருக்கு

மெக்பெர்சன் 1891 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஹைலேண்ட் பார்க் ஊரில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து 1915ல் வெளியே வந்தார். அப்போது டெட்ராய்ட் நகரம் கார் தொழிலின் தலைநகரமாக மாறிக்கொண்டிருந்தது. படிப்பு முடித்த கையோடு அங்கேயே சால்மர்ஸ் என்ற கார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்து, ஐரோப்பாவில் விமான இன்ஜின் வேலைகளைப் பார்த்தார். விமானத்தில் தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் பாரம்தான். ஒரு பாகம் இரண்டு வேலை செய்யுமானால் இன்னொரு பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். பின்னாளில் கார் சஸ்பென்ஷனில் அவர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

போர் முடிந்து திரும்பியதும் லிபர்ட்டி என்ற கார் நிறுவனத்தில் கொஞ்ச காலம் இருந்தார். 1923ல் ஹப்மொபைல் கார்களைத் தயாரித்த ஹப் நிறுவனத்துக்குப் போனார். சால்மர்ஸ், லிபர்ட்டி, ஹப் என்ற மூன்று பெயர்களும் இன்று கார் மியூசியத்தில்தான் கிடைக்கும். அடுத்தடுத்து மறைந்துபோன கம்பெனிகளில்தான் அவர் தொழில் கற்றார். 1934ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு மாறினார். அடுத்த ஆண்டே அதன் செவ்ரோலெட் பிரிவில் தலைமை வடிவமைப்புப் பொறியாளர் ஆனார்.

ஆயிரம் டாலருக்குள் ஒரு கார்

1945. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். படைவீரர்கள் வீடு திரும்பினால் சின்னதாக, மலிவாக ஒரு கார் தேடுவார்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கணக்குப் போட்டது. இதற்கென ஒரு சிறிய கார் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளராக மெக்பெர்சனை அமர்த்தினார்கள். வண்டிக்கு வைத்த பெயர் செவ்ரோலெட் கேடட்.

நிபந்தனைகள் ரொம்பத் தெளிவாக இருந்தன. விலை 1,000 டாலருக்குள் இருக்கணும். எடை 2,200 பவுண்டுக்குள், அதாவது சுமார் 1,000 கிலோவுக்குள் இருக்கணும். ஆனால் நான்கு பேர் வசதியாக உட்காரணும்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் பெரிய காரை எடுத்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிச் சுருக்கியிருப்பார். மெக்பெர்சன் அப்படிச் செய்யவில்லை. சிறிய கார் என்றால் மட்டமான கார் என்று அர்த்தமில்லை என்பது அவர் நிலை. சின்னக் கார் எடை குறைவாக இருப்பதால் பள்ளத்தில் இன்னும் அதிகமாகத் துள்ளும். அப்படியானால் அதற்குத்தான் நல்ல சஸ்பென்ஷன் தேவை. நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் அடுத்த சக்கரத்துக்கு அந்த அதிர்ச்சி போகக்கூடாது.

அன்றைய பெரிய கார்களில் முன்பக்கம் இதைச் செய்வதற்கு மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், தனியாக ஸ்பிரிங், தனியாக ஷாக் அப்சர்பர் எனப் பாகங்கள் நிறைய இருந்தன. விலையும் எடையும் ஏறிவிடும். ஆயிரம் டாலர் காரில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. அப்போதுதான் அவர் மேல் ஆர்மையே நீக்கிப் பார்த்தார்.

அந்தத் தூணுக்குள் என்ன இருக்கு?

சக்கரம் ஓர் இரும்புத் துண்டில் மாட்டியிருக்கும். அதை நக்கிள் என்பார்கள். நக்கிளின் அடிப்பக்கத்தை லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்கிறது. மேல்பக்கத்தை யார் பிடிப்பது? ஷாக் அப்சர்பரையே தடித்த, உறுதியான குழாயாகச் செய்து நக்கிளோடு இறுக்கமாகப் பொருத்திவிட்டால், அதன் உச்சியைக் காரின் உடலில் மாட்டிவிடலாம். மேல் ஆர்ம் தேவையில்லை. ஸ்பிரிங்கை அந்தக் குழாயைச் சுற்றியே வைத்துவிடலாம். அதற்கும் தனி இடம் தேவையில்லை. உச்சியில் ஒரு பேரிங் வைத்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தூண் முழுவதும் திரும்பும். அதற்கென மேலே தனி மூட்டு தேவையில்லை. அவ்ளோதான்.

சொல்வதற்கு எளிது. ஆனால் ஒரே தூண் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பதைக் கவனிக்கணும். ஸ்பிரிங் வழியாகக் காரின் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டன் வழியாகத் துள்ளலை அடக்குகிறது. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எந்த அச்சில் திரும்ப வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இது முழுக்க வெறுமையிலிருந்து வந்த யோசனை அல்ல. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தைச் சேர்ந்த கைடோ ஃபொர்னாகா 1920களிலேயே இதே திசையில் யோசித்திருந்தார். மெக்பெர்சன் செய்தது, பெரிய எண்ணிக்கையில் மலிவாகத் தயாரிக்கக்கூடிய ஓர் ஏற்பாடாக அதை மாற்றியது. கேடட் மாதிரி வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் இந்த வகை ஸ்ட்ரட்டையே வைத்தார். 1947 மார்ச்சில் காப்புரிமைக்கும் விண்ணப்பம் போனது.

1947: காருக்கு முற்றுப்புள்ளி

அதே ஆண்டு கேடட் திட்டத்தை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். போருக்குப் பிறகு அமெரிக்காவில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்தது. செவ்ரோலெட்டின் வழக்கமான கார்களுக்கே வாங்க ஆள் வரிசையில் நின்றது. ஒரு பெரிய காரில் கிடைக்கும் லாபம் சின்னக் காரில் கிடைக்காது. போதாக்குறைக்கு, மெக்பெர்சன் தரத்தில் விட்டுக்கொடுக்காததால் ஆயிரம் டாலர் இலக்கும் கைக்கு எட்டவில்லை. கணக்குப் பார்ப்பவர்களின் பக்கம் நியாயம் இருந்தது. வண்டியைச் செய்தவருக்கு இழப்பும் இருந்தது.

அவருக்கு அப்போது வயது 56. பல பேர் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் ஃபோர்டுக்கு மாறினார். பழைய காப்புரிமை விண்ணப்பம் ஜெனரல் மோட்டார்ஸ் வசமே இருந்தது. யோசனை மட்டும் அவரோடு கூட வந்தது. ஃபோர்டில் அதைத் திருத்தி, 1949 ஜனவரியில் இன்னொரு விண்ணப்பம் போட்டார். இரண்டு காப்புரிமைகளும் 1953ல் கிடைத்தன. ஜனவரியில் வந்தது ஜெனரல் மோட்டார்ஸுக்கு, நவம்பரில் வந்தது ஃபோர்டுக்கு. ஒரே மனிதரின் யோசனை, எதிரெதிர் முகாம்களில் இரண்டு ஆவணங்களாக நின்றது.

லண்டனில் கிடைத்த வாழ்வு

ஃபோர்டின் அமெரிக்கக் கார்கள் பெரியவை. அவற்றில் இடமும் எடையும் பெரிய பிரச்சினையாக இல்லை. ஆனால் பிரிட்டனில் ஃபோர்டு நிறுவனம் புதிதாக ஒரு நடுத்தரக் காரை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காரில் தனியாக சேஸி கிடையாது. உடலும் சட்டமும் ஒரே கூடு. ஸ்ட்ரட்டுக்கு அதுதான் தேவை. ஏன்னா, ஸ்ட்ரட்டின் உச்சி வந்து முட்டுவது முன்சக்கரத்துக்கு மேலேயுள்ள உடல் தகட்டில். அந்த இடம் உறுதியாக இருந்தால்தான் தூண் நிற்கும்.

1950 அக்டோபரில் லண்டனின் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல், ஃபோர்டு செஃபிர் என்ற இரண்டு கார்கள் வந்தன. பெரிய எண்ணிக்கையில் தயாரான கார்களில் மெக்பெர்சன் ஸ்ட்ரட் இடம்பிடித்தது இவற்றில்தான். இங்கே இன்னொரு சிக்கனமும் இருந்தது. வளைவில் கார் சாயாமல் இருக்க வைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியையே லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கவும் பயன்படுத்தினார்கள். இங்கேயும் ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை.

1953ல் மான்டி கார்லோ ராலியில் ஒரு செஃபிர் கார் முதலிடம் பிடித்தது. ஓட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மாரிஸ் காட்சோனிடஸ். பின்னாளில் வேகக் கேமராவைக் கண்டுபிடித்தவரும் இவரே. பனியிலும் மலைப்பாதையிலும் ஓடி ஜெயித்த வண்டியின் சஸ்பென்ஷன் மலிவானது என்பதற்காக மட்டமானது என்று இனி யாரும் சொல்ல முடியவில்லை.

மெக்பெர்சன் 1952ல் ஃபோர்டின் பொறியியல் துணைத் தலைவர் ஆனார். 1958ல் ஓய்வு பெற்றார். 1960ல் காலமானார். அவர் வாழ்ந்தவரை அமெரிக்காவில் தயாரான எந்தப் பெரிய விற்பனைக் காரிலும் அவருடைய ஸ்ட்ரட் வரவில்லை.

அவருக்குப் பிறகு

1960களில்தான் கதை வேகமெடுத்தது. 1962ல் வந்த பிஎம்டபிள்யூ 1500ல் இதே வகை முன் சஸ்பென்ஷன். இன்ஜினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களையே இழுக்க வைக்கும் சிறிய கார்கள் ஐரோப்பாவில் பரவத் தொடங்கின. 1965ல் பெஜோ 204, 1969ல் ஃபியட் 128, 1974ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் எனப் பட்டியல் நீண்டது. குறுக்கே கிடக்கும் இன்ஜினுக்கு அகலம் வேண்டும். மேல் ஆர்ம் இல்லாத ஸ்ட்ரட் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது.

கேடட்டை நிறுத்திய ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது தெரியுமா? 1980 மாடலாக வந்த செவ்ரோலெட் சைட்டேஷன் என்ற சிறிய காரின் முன்பக்கத்தில் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டை வைத்தது. கேடட்டுக்கும் இதற்கும் இடையே 30 ஆண்டுகளுக்கு மேல்.

இந்தியாவில் நிலைமை வேறு. அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார். பிரீமியர் பத்மினியில் மேலும் கீழும் ஆர்ம் உள்ள விஷ்போன். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் முன்பக்கம் விஷ்போன், பின்பக்கம் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங். 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சின்னக் கார், குறைந்த எடை, நான்கு பேருக்கு இடம். 1945ல் டெட்ராய்டில் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராகத் தொடங்கியபோதும் முன்பக்கம் இதே ஸ்ட்ரட். மெக்பெர்சன் கடைசியாக வேலை பார்த்த ஃபோர்டும் மறைமலை நகரில் ஆலை போட்டது. 1999ல் வந்த ஐகானிலும் அதுவே இருந்தது. 2022ல் அந்த ஆலையில் கார் தயாரிப்பு நின்றாலும், அங்கே தயாரான வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பூந்தமல்லி, கரையான்சாவடி, சென்னீர்குப்பம் பக்கத்து ஒர்க் ஷாப்புகளுக்கு ஸ்ட்ரட் வேலை அன்றாட வேலை.

ஒரே தூண், மூன்று வேலை, மூன்று மடங்கு கவனம்

மெக்பெர்சன் பாகங்களைக் குறைத்தார். ஆனால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பொறுப்பும் கூடிவிட்டது. அதனால்தான் ஸ்ட்ரட்டைப் பிரித்து மாட்டும்போது நடக்கும் சின்னத் தவறுகூட எடை தாங்குவது, துள்ளல் அடக்குவது, ஸ்டீயரிங் என மூன்றையும் பாதிக்கிறது. நீங்களே கையில் ஸ்பானர் எடுப்பவராக இருந்தாலும், ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டுக் காத்திருப்பவராக இருந்தாலும் இவை தெரிந்திருப்பது நல்லது.

1. நடு நட்டில் அவசரம். ஸ்ட்ரட்டின் உச்சியில், நட்ட நடுவில் ஒரு நட் இருக்கும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கைத் தனியாக அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் மேல் மவுண்ட்டோடு சேர்ந்து சீறிக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு வேகம்? ஓர் உதாரணக் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ விசை கேட்கும் ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால், அது 300 கிலோ விசையோடு திருப்பித் தள்ளும். எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு எதிர்க்கும் என்ற இந்த விதியை ராபர்ட் ஹூக் 1678லேயே வெளியிட்டுவிட்டார். அந்த ஸ்பிரிங்கில் சேர்ந்திருக்கும் ஆற்றல், 23 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அது பாய்வது பெரும்பாலும் குனிந்து வேலை செய்பவரின் முகத்தை நோக்கி.

காரிலிருந்து ஸ்ட்ரட்டை இறக்க, உடல் தகட்டில் மவுண்ட்டைப் பிடித்திருக்கும் சுற்று நட்டுகளைத்தான் கழற்ற வேண்டும். நடு நட்டைத் தொடுவது, ஸ்பிரிங் கம்ப்ரஸரை மாட்டி, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு லூஸாக ஆடுகிறது என்று உறுதியான பிறகுதான்.

2. கம்ப்ரஸரைக் கோணலாக மாட்டுவது. கொக்கி போட்ட இரண்டு கம்பிகள் கொண்ட கம்ப்ரஸர் என்றால், இரண்டும் ஸ்பிரிங்கின் நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, கையால் இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்பிரிங் வாழைக்காய் போல வளையும், கொக்கி நழுவும். இம்பாக்ட் கன் போட்டு வேகமாக இறுக்குவதும் ஆபத்து. அமுக்கிய ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் தலையை வைக்கவே கூடாது.

3. ஸ்பிரிங் முனையைக் கவனிக்காமல் விடுவது. கீழ் இருக்கையில் ஒரு படி இருக்கும். ஸ்பிரிங்கின் முனை அந்தப் படியில் போய் உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால், கார் சாலையில் ஓடும்போது ஸ்பிரிங் டங்கென்று தானாகத் திரும்பி இடம் மாறும். உயரமும் மாறும். மெக்பெர்சனுக்குப் பின் வந்த பல கார்களில், பிஸ்டன் கம்பியின் மேல் விழும் பக்கவாட்டு விசையைக் குறைக்க ஸ்பிரிங்கை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வைக்கிறார்கள். அதனால் மேல் எது, கீழ் எது, இடது எது, வலது எது என்பதெல்லாம் முக்கியம். பிரிக்கும் முன் ஒரு போட்டோ, சாக்பீஸால் ஓர் அடையாளக் கோடு. இது போதும்.

4. வரிசை மாறுவது. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், ஸ்பிரிங், மேல் இருக்கை, பேரிங், மவுண்ட், வாஷர், நட். இந்த வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் தலைகீழானாலும் பிரச்சினை. பேரிங்கைத் தலைகீழாக வைத்தால் ஸ்டீயரிங் கனக்கும், திருப்பிய பிறகு தானாக நடுவுக்கு வராது, திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் கேட்கும். பம்ப் ஸ்டாப்பை மறந்தால் பெரிய பள்ளத்தில் இரும்போடு இரும்பு மோதும். சில கார்களில் இந்த வரிசை கொஞ்சம் மாறும் என்பதால், அந்த மாடலின் மேனுவலைப் பார்ப்பதே சரி.

5. பிஸ்டன் கம்பியை பிளையரால் பிடிப்பது. நட்டை இறுக்கும்போது கம்பியும் கூடவே சுற்றும். அதற்காக பளபளக்கும் அந்தக் கம்பியை பிளையரால் கடித்துப் பிடித்தால் கீறல் விழும். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும். புது ஸ்ட்ரட் சில மாதத்திலேயே எண்ணெய் கசியும். கம்பியின் உச்சியில் ஆலன் கீ போடும் குழியோ, தட்டையான பிடிப்போ கொடுத்திருப்பார்கள். பிடிக்க வேண்டியது அங்கேதான்.

6. பழைய நட், யூகத்தில் இறுக்கம். லாக் நட்டுகளின் பிடிமானம் ஒருமுறை கழற்றினாலே குறைந்துவிடும். அந்த இடத்தில் புது நட் போட வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் அளவு உண்டு. டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுக்கு இறுக்கணும். நட்டு முழுவதும் இறுகி, ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகே கம்ப்ரஸரை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

7. நக்கிளை பிரேக் ஹோஸில் தொங்கவிடுவது. ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதன் முழு எடையும் பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் வயரிலும் விழுந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே சேதமாகும். ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் போதும். கார் வெறும் ஜாக்கியில் நிற்கக்கூடாது, ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

8. கடைசி இறுக்கத்தை அந்தரத்தில் முடிப்பது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், அவற்றின் கடைசி இறுக்கம் காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது நடக்க வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் கிழியும்.

9. அலைன்மென்ட் வேண்டாம் என்பது. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் இணைக்கும் போல்ட்டில் கொஞ்சம் இடம் மாறினாலும் சக்கரத்தின் சாய்வு மாறும். சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பதே இந்தத் தூண்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய இடத்தைக் குறித்து வைத்து மாட்டினாலும், வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்கணும். இல்லையென்றால் புது ஸ்ட்ரட்டில் மிச்சம் பிடித்த பணம், டயரின் ஒரு ஓரம் தேய்ந்து போய்விடும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போடாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

கார் வைத்திருக்கும் எல்லோரும் ஸ்பானர் பிடிக்க மாட்டார்கள். வண்டியை எடுக்கும்போது நான்கே கேள்விகள் கேட்டால் போதும். டாப் மவுண்ட், பேரிங் நிலைமை எப்படி இருந்தது? நட் புதுசா? இரண்டு பக்கமும் ஒரே பார்ட்தானா? அலைன்மென்ட் பார்த்த ரிப்போர்ட் எங்கே? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பிறகு மெதுவாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது முறுக்குச் சத்தம், சின்ன மேட்டில் ஏறும்போது டக்கென்ற சத்தம், கையை லேசாக்கினால் ஒரு பக்கம் இழுப்பது என எது இருந்தாலும், அங்கேயே திரும்பிப் போய்க் காட்டிவிடுவது நல்லது.

ஒரு விஷயம் கூடுதலாக. கார் வைத்திருப்பவர் இன்றைக்கே வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தின் ஆபத்து முதலில் விழுவது மெக்கானிக்கின் மேல்தான். கம்ப்ரஸரைச் சரியாக மாட்ட அவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகத் தேவைப்படலாம். அதைக் கொடுத்துவிடுங்கள்.

மெக்பெர்சன் 1945ல் தொடங்கிய காரை யாரும் விலைக்கு வாங்கி ஓட்டவில்லை. விலைக் கணக்கில் அது தோற்றது. ஆனால் விலை குறைந்த காரில் போகிறவருக்கும் பள்ளத்தில் இடுப்பு ஒடியக்கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதம் தோற்கவில்லை. எடையைக் குறைத்தார், பாகங்களைக் குறைத்தார், விலையைக் குறைத்தார். கவனத்தை மட்டும் அவரால் குறைக்க முடியவில்லை. அது இன்றும் அந்த நடு நட்டுக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு நிற்பவரின் கையில்தான் இருக்கிறது.